சோழியில் பூக்கும் வெண்தூள்

கீழக்கரை வாசகி ஒருவர் கேட்கிறார்: “பாட்டியின் பல்லாங்குழிச் சோழிகளை மரப்பெட்டியில் வைத்திருந்தேன். மழைக்காலம் கழிந்து திறந்தபோது மேலெல்லாம் வெண்தூள் படிந்து, புளித்த வாடை அடித்தது. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் பழைய பளபளப்பு வருமா? குறைகிற சோழிகளுக்குக் கடற்கரையில் பொறுக்கிக்கொள்ளலாமா?”

எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் வேண்டாம். சோழியின் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது; அமிலம் பட்டால் அது கரையும், முதலில் போவது மேல் மெருகுதான். அந்த மெருகு வந்த விதத்தை அறிந்தால் இதன் தீவிரம் விளங்கும். உயிரோடிருக்கும் சோழி தன் மென்மையான உடல் மடல்கள் இரண்டை ஓட்டின்மேல் இருபுறமும் போர்த்திக்கொண்டு, வெளிப்புறத்திலேயே சுண்ணப் பூச்சை அடுக்கடுக்காக ஏற்றுகிறது. அதனால்தான் பிற சங்குகளைப் போலத் தேய்த்து மெருகேற்றாமலே அது பளிச்சென்றிருக்கிறது. அந்த உயிர் இறந்தபின் மறுபூச்சுக்கு வழியில்லை. எஞ்சியிருப்பதைக் காப்பதே நம்மால் ஆவது.

நீங்கள் கண்ட தூள் பெரும்பாலும் பெட்டியால் வந்தது. மரம், ஒட்டுப்பலகை, அட்டை, சிலவகைப் பசைகள் ஆகியவை அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளை மெல்ல வெளிவிடுகின்றன; மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி தேங்கி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஓட்டை அரித்து, கால்சியம் உப்புகளாக வெளியே பூக்கிறது. ஆக அந்தத் தூள் வெளியிலிருந்து வந்த அழுக்கல்ல, சோழியின் ஓட்டிலிருந்தே அரிந்து வந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்து இராமநாதபுரக் கரையில் இது விரைந்து நடப்பதில் வியப்பில்லை. 1899இல் இதை விவரித்த பைன் என்பவரின் பெயரால் அருங்காட்சியகத்தார் இதைப் ‘பைன் நோய்’ என்பார்கள். ஆனால் இது கிருமியால் வருவதன்று, ஒரு சோழியிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதும் அன்று.

தூளை மென்மையான பல்துலக்கியால் நீக்கிவிட்டு, சோழிகளை உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள்; தண்ணீரைப் பலமுறை மாற்றுங்கள். பிறகு வாய்ப்பகுதி கீழ்நோக்கியிருக்கும்படி நிழலில் பல நாள் உலர்த்துங்கள், ஏனெனில் உட்சுருளில் தங்கும் ஈரம் எளிதில் வெளியேறாது. வெயிலோ நிறத்தை வெளிறச் செய்யும். நன்கு உலர்ந்தபின் நிறமற்ற பாரஃபின் எண்ணெயைத் துணியில் தொட்டு மிக மெல்லியதாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் காறிப்போகும், ஆகையால் அதைத் தவிர்ப்பது நல்லது. இனிக் கண்ணாடிச் சாடியே போதும். பாட்டியின் பெட்டி அழகானதாகவே இருக்கலாம், அதில் வேறு எதையாவது வையுங்கள்.

பொறுக்குவதைப் பொறுத்தவரை, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளிலிருந்து வெறும் ஓட்டைக்கூட எடுக்கக்கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சில சோழியினங்களும் சங்கினங்களும் உள்ளன. எனவே ஊர்க் கரையில் ஒதுங்கியதாயினும், இனம் தெரியாததை எடுக்குமுன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. உயிருள்ளதையும், துறவி நண்டு குடியிருப்பதையும் விட்டுவிடுங்கள். கூம்பு வடிவச் சங்கு உயிரோடிருந்தால் கையாலேயே தொடாதீர்கள், சில இனங்களின் கொட்டு உயிரைப் பறிக்கும். கரையில் எடுத்த சோழியையும் மேற்சொன்னபடி உப்பு போக ஊறவைத்து, முழுதும் உலர்ந்த பின்னரே பழையவற்றோடு சேருங்கள்.