கலங்கள் ஒட்டுவதை ஆராய்வது ஒரு வேலையா?

வணக்கம் ஐயா,

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை. விஞ்ஞான பீடம் கிடைக்கும் போலிருக்கிறது. கொழுந்து எடுத்தே காலம் கழித்த என் அம்மாயி வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார். புற்றுநோய்க் கலங்கள் ஒட்டுவதையும் பிரிவதையும் ஆராய்கிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதிலிருந்து அதுவே நினைப்பாக இருக்கிறது. "அது ஒரு வேலையா? டீச்சராகு" என்கிறார் அப்பா. அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்? அந்த ஆராய்ச்சியால் யாராவது குணமாகிறார்களா?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். குணமாகிறார்கள், ஆனால் பெரும்பாலும் நீங்கள் நினைக்கும் நோயாளிகள் அல்ல.

1973இல் ரிச்சர்ட் ஹைன்ஸ் லண்டனில் இளம் ஆய்வாளர். சாதாரணக் கலங்களின் மேற்பரப்பில் இருந்த ஒரு பெரிய புரதம், வைரஸால் புற்றுநோய்த் தன்மை அடைந்த கலங்களில் இல்லாததைக் கண்டார். பின்னாளில் அதற்கு ஃபைப்ரொனெக்டின் என்று பெயர் வந்தது. கலம் அதை எதைக் கொண்டு பற்றுகிறது என்று பலரும் தேடியதில் இன்டெக்ரின்கள் என்ற புரதங்கள் கிடைத்தன. ஹைன்ஸுக்கும் இன்னும் இருவருக்கும் அமெரிக்காவின் பெரிய மருத்துவ ஆராய்ச்சி விருதான லாஸ்கர் விருது வந்தது 2022இல். இடையில் 49 ஆண்டுகள்!

இன்டெக்ரின்களைத் தடுக்கும் மருந்துகளும் வந்தன. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு நட்டாலிசுமாப், குடல் அழற்சிக்கு வெடோலிசுமாப், கண் வறட்சிக்குக்கூட ஒரு சொட்டு மருந்து. புற்றுநோய்க்கென்று பெரிதாக எதிர்பார்த்த சிலெஞ்சிடைட்டோ, மூளைப் புற்றுநோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை என்று 2014இல் வெளியான ஆய்வு சொன்னது. அதற்காக உழைத்தவர்களின் வருஷங்களை நினைத்துப் பாருங்கள். இந்த வாழ்க்கையில் இதுவும் நடக்கும்.

இன்னொரு கதையும் உண்டு. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி மக்களில் ஒரு குடும்பத்தில் இளம் வயதிலேயே பலர் இரைப்பைப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார்கள். குடும்பத்தாரே ஆய்வாளர்களிடம் போனார்கள். கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-காட்ஹெரின் புரதத்தின் பரம்பரையலகில் பிழை இருப்பதாக 1998இல் பாரி கில்ஃபோர்ட் குழு வெளியிட்டது. இப்போது அந்தப் பிழை உள்ளவர்கள் யாரென்று முன்கூட்டியே சோதித்து, இரைப்பையை அகற்றி உயிர் பிழைக்கிறார்கள்.

காட்ஹெரின் கிடைத்த விதம்தான் எனக்கு மிகப் பிடித்தது. ஜப்பானின் மசதோஷி தகெய்ச்சி அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போனபோது, கியோத்தோவில் ஒட்டியதுபோல் கலங்கள் அங்கே ஒட்டவில்லை. வேறொருவராக இருந்தால் 'கை சரியில்லை' என்று விட்டிருப்பார். இவர் காரணத்தைத் தேடினார். அங்கே கலங்களைப் பிரிக்கும் நொதியத்தோடு கல்சியத்தை அகற்றும் பொருள் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். கல்சியம் இருந்தால் ஒட்டும் புரதம் தப்புகிறது, இல்லாவிட்டால் நொதியம் அதை அழித்துவிடுகிறது. கல்சியத்தை நம்பி நிற்கும் அந்தப் புரதத்துக்குத்தான் 1984இல் காட்ஹெரின் என்று பெயரிட்டார்கள். ஆய்வாளரின் நாள் பெரும்பாலும் இப்படித்தான்: எதிர்பார்த்தது நடக்கவில்லை, ஏன் என்று குடைவது.

அம்மாயி பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். அவரும் வெற்றிலை பாக்குப் போட்டிருக்கக்கூடும். புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. வெற்றிலை போடும் பெண்களை, காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்திலேயே வாயைத் திறக்கச் சொல்லி, வாய்ப் புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்க்கும் ஒருவர், ஆய்வுகூடத்தில் இருப்பவரைவிட விரைவாக அதிக உயிரைக் காப்பாற்றக்கூடும். உங்களை இழுப்பது அந்த இழப்பு என்றால் பொதுச் சுகாதாரத்தையும் யோசியுங்கள். கலம் ஏன் பிடியை விடுகிறது என்ற கேள்விதான் தூங்க விடவில்லை என்றால் ஆராய்ச்சிக்குப் போங்கள். இரண்டும் ஒன்றாக வேண்டுமா? பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி நடக்கிறது. விஞ்ஞான பீடத்தில் சேர்ந்தால் அங்கே போய்ப் பேசிப் பாருங்கள்.

சரி, அப்பாவின் கேள்வி. சிறப்புப் பட்டத்துக்கு நான்கு ஆண்டு, அப்புறம் கலாநிதிப் பட்டம், பெரும்பாலும் வெளிநாட்டில். உதவித்தொகை கிடைக்கும், ஆனால் வீட்டுக்கு அனுப்ப அதிகம் மிஞ்சாது. முப்பது வயது தாண்டியும் நிரந்தர வேலை இல்லாமலிருப்பது இந்தத் துறையில் சகஜம். பயமுறுத்தவில்லை, அப்பாவுக்கு இதைத் தெரியாமல் மறைக்க வேண்டாம் என்கிறேன். தமிழில் உயர்தரம் எழுதியவர்களை முதல் வருஷத்திலேயே ஆங்கிலம் தடுக்கி விழுத்தும், அதை இன்றே தொடங்குங்கள். டீச்சர் வேலை எங்கேயும் ஓடிப்போகாது. நம் தோட்டப்புறப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாத நிலை அவருக்கே தெரிந்திருக்கும்.