ஊரில் அப்பா அறைக்கு வைத்த ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது, 24 வைத்தாலும் அறை குளிர்வதில்லை. என்ன செய்யலாம்?

என் தம்பிதான் இதைக் கேட்டிருக்கிறானோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். நீங்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறீர்கள், பெற்றோர் டெல்டாவில் இருக்கிறார்கள், போனில் செயலியைப் பார்த்தே எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மயிலாடுதுறை மாவட்டத்தில் ஆக்கூர் பக்கம், அப்பாவோடு அதே வீட்டில் இருப்பவள்.

அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த, சுவரில் மாட்டும் தெர்மோஸ்டாட் என்றால் அதை இங்கே மாட்டவே வேண்டாம். அது பெரும்பாலும் 24 வோல்ட் வயரில் ஓடுவது. நம் 230 வோல்ட் லைனைக் கொடுத்தால் கருகிப்போகும். ஆனால் உங்களுடையது ரிமோட் போல ஏசிக்கு சிக்னல் அனுப்பும் சின்னப் பெட்டியாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் இருப்பதும் அதுதான்.

தம்பி துபாயிலிருந்து லீவில் வந்தபோது அப்பா அறையில் அதை வைத்தான். செட்டாப் பாக்ஸ் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருந்ததால் அங்கேயே வைத்துவிட்டான். செட்டாப் பாக்ஸ் சூட்டில் அந்தப் பெட்டி எப்போதும் 31, 32 என்று காட்டும். அறை குளிரவே இல்லை என்று நினைத்து அவன் அங்கிருந்தே 20, 18 என்று இறக்கிக்கொண்டே போவான். "ரிமோட்டைத் தொட்டால் செட்டிங் கலைந்துவிடும்" என்று ரிமோட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். நடு ராத்திரியில் அப்பா வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பாப்பா, ஏசிய யாராவது நிறுத்துங்கம்மா" என்று கூப்பிட்டார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. எண்பது வயது மனிதர் தன் அறையின் குளிரைத் தானே குறைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் கட்டில் பக்கம், வெயிலோ ஏசிக் காற்றோ நேராகப் படாத இடத்துக்கு மாற்றிய பிறகுதான் உண்மையான சூடு தெரிந்தது. இடம் மாற்றும்போது அங்கிருந்து ஏசி மறைக்காமல் தெரிகிறதா என்று பாருங்கள். நடுவில் பீரோ இருந்தால் சிக்னல் போகாது.

அடுத்தது கரண்ட். இதைச் சொன்னால் "எல்லாவற்றுக்கும் கரண்டையே குறை சொல்கிறாய்" என்பார்கள். குறை சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை சிக்னலை அனுப்புவதோடு சரி, ஏசி ஓடுகிறதா நின்றதா என்பது அவற்றுக்குத் தெரியாது. கரண்ட் போய் வந்ததும் பல ஏசிகள் தானாக ஓடுவதில்லை. ஆனால் செயலியில் பழையபடி ஆன், 24 என்றே இருக்கும். அப்பா ரிமோட்டில் நிறுத்தினாலும் இதே கதைதான். அதனால் திரையை நம்பாமல் வீட்டுக்குப் போன் போட்டு, காற்று வருகிறதா, வருகிற காற்று ஜில்லென்று இருக்கிறதா என்று கேளுங்கள். காற்று மட்டும் வந்தால், வெளியே இருக்கும் யூனிட் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் ஸ்டெபிலைசர் நிறுத்திவிடும், கரண்ட் சரியானாலும் சில நிமிடம் கழித்துத்தான் விடும். ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதைத் திருப்பிப் பார்க்கலாம். எங்களைப் போலக் கடலோரம் என்றால் உப்புக்காற்றில் வெளி யூனிட்டின் தகடுகள் அரித்துப்போயிருக்கும். அதற்குச் செயலியில் மருந்து கிடையாது.

ஆஃப்லைன் பிரச்சினைக்கும் கரண்ட்தான் முக்கால்வாசிக் காரணம். கரண்ட் வந்தவுடன் பெட்டி எழுந்துவிடும், ரவுட்டர் எழ நேரமாகும். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டதும் எங்களுக்குத் தொல்லை பெரிதும் குறைந்தது. நீங்கள் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைக்கப் பார்த்தால் நடக்காது, இந்தச் சாதனங்கள் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் எடுக்கும். கேபிள்காரர் ரவுட்டரை மாற்றிவிட்டுப் போனாரா என்றும் விசாரியுங்கள். புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்தால் பெட்டியைத் திரும்ப அமைக்க வேண்டியதில்லை. அமைக்க வேண்டியிருந்தால் ஓடிபி உங்கள் நம்பருக்கு வரும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். செயலியில் குடும்பத்தாரைச் சேர்க்கும் வசதி இருக்கும், வீட்டில் இருப்பவர் ஒருவரை இன்றே சேர்த்துவிடுங்கள்.

சர்வீஸுக்குப் போன் செய்தேன். எங்கள் பின்கோடுக்கு ஆள் வருவதில்லையாம், சாதனத்தை நாமே திருச்சிக்குக் கொண்டுபோக வேண்டுமாம். 2020 கடைசியில் மயிலாடுதுறை தனி மாவட்டமே ஆகிவிட்டது, அப்புறமும் இந்தப் பதில். 1926 முதல் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய ரயிலை 1986-ல் நிறுத்தினார்கள். திரும்ப விடச் சொல்லி ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. அது இருந்தால் வயதானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸில் இடிபட வேண்டாம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இங்கே இருப்பவர்களுக்கு எல்லாமே இப்படித்தான் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

நான் இந்தச் சாதனத்துக்கு எதிரி இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் 27-க்கு ஏற்றும்படி நேரம் குறித்து வைத்திருக்கிறோம், அப்பா நன்றாகத் தூங்குகிறார். 24 என்பது 2020 ஜனவரியிலிருந்து ஏசிகளில் ஆரம்ப அளவாக வைக்கும்படி கம்பெனிகளுக்கு அரசு சொன்ன எண், அதிலேயே நிறுத்த வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு எது இதமாக இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். ரிமோட்டைக் கட்டில் பக்கத்திலேயே விட்டுவையுங்கள், நீங்கள் செயலியில் எதையும் மாற்றும் முன் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.