வட்டத்தில் 7, சாய்சதுரத்தில் 7: எதில் ஏறுவது?

கேள்வி: நியூயார்க்கில் ஜாக்சன் ஹைட்ஸ் 74ஆம் தெரு நிலையத்துக்கு அருகே மகள் வீட்டில் தங்கப் போகிறோம். சுரங்க ரயில் வரைபடத்தில் தடத்துக்கு ஒரு பெயர், வண்டிக்கு ஓர் எண் என்று இருக்கிறது. 7 என்ற எண்ணும் இரண்டு வடிவங்களில் வருகிறது. எதைப் பார்த்து ஏறுவது?

பதில்: தடம் என்பது தண்டவாளம், எண் என்பது அதன்மேல் ஓடும் சேவை. பயணிக்கு வேண்டியது எண்தான். 1904இல் திறக்கப்பட்ட சுரங்கப் பாதையிலிருந்து வளர்ந்த ‘ஏ’ பிரிவில் 1 முதல் 7 வரையிலான வண்டிகளும் 42ஆம் தெருவின் இணைப்பு வண்டியும் ஓடுகின்றன. இதன் பெட்டிகள் ஏறத்தாழ எட்டே முக்கால் அடி அகலமே கொண்டவை. பத்து அடி அகலமுள்ள, எழுத்துப் பெயர் கொண்ட ‘பி’ பிரிவு வண்டிகள் இந்தச் சுரங்கங்களில் நுழையவே முடியாது. உங்கள் நிலையத்திலும் 7 மேம்பாலத்தில் வர, இ, எஃப் போன்ற எழுத்து வண்டிகள் கீழே சுரங்கத்தில் வருவதை நீங்களே காண்பீர்கள்.

தடத்தின் பெயரை மட்டும் நம்பினால் 2, 5 வண்டிகளில் ஏமாந்துபோவீர்கள். நிறம், மன்ஹாட்டனில் வண்டி செல்லும் முதன்மைத் தடத்தைக் குறிப்பது. வார நாட்களில் புரூக்ளினின் ஃபிளாட்புஷ் அவென்யூ நிலையத்திலிருந்து இரண்டும் ஒரே தடத்தில்தான் கிளம்புகின்றன. ஆனால் சிவப்பு 2 டைம்ஸ் ஸ்கொயருக்கும், பச்சை 5 கிராண்ட் சென்ட்ரலுக்கும் போய்விடும்.

இனி உங்கள் 7. வட்டம் எல்லா நிலையங்களிலும் நிற்கும். சாய்சதுரம் விரைவு வண்டி. வார நாட்களில் காலையில் மன்ஹாட்டன் நோக்கியும், பிற்பகலுக்குப் பின் மறுமுனையான ஃபிளஷிங் நோக்கியும் மட்டுமே ஓடும். 74ஆம் தெருவில் நிற்காது. மாலையில் வீடு திரும்பும்போது தவறி அதில் ஏறிவிட்டால் பதற வேண்டாம், உட்ஸைட் 61ஆம் தெருவில் இறங்குங்கள். அதே நடைமேடையின் மறுபக்கத்தில் வட்ட 7 வரும். அதையும் விட்டுவிட்டால் ஜங்ஷன் பொலிவார்டில் இறங்கி, எதிர்த்திசை வட்ட வண்டியில் மூன்றாவது நிறுத்தத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

பௌன் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போவதானால் உங்கள் நிலையத்திலிருந்து வட்ட வண்டியில் ஏறி, கடைசி நிலையமான மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள். மன்ஹாட்டனிலிருந்து நேரே போகும் நாளில் மட்டும் எந்த வடிவ 7 வந்தாலும் ஏறிக்கொள்ளலாம்.