இஞ்சியும் ஜிஞ்சரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 'ஜிஞ்சர்' என்ற ஆங்கிலச் சொல் நம் இஞ்சிதான் என்கிறார்கள். ஓசை ஒத்திருந்தால் போதுமா? எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: போதாது. ஆனாலும் இந்தச் சொல் சோதனையில் தேறிவிடுகிறது. இன்றைய ஜிஞ்சரை இன்றைய இஞ்சியோடு நேராக ஒட்டிப் பார்க்கிறார்கள், தவறு அங்கேதான். இரண்டுமே தேய்ந்த வடிவங்கள். முதலில் ஆங்கிலத்திலேயே பின்னோக்கிப் போங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மருந்துக் குறிப்புகளில் அது 'ஜிஞ்சிஃபர்'. அதற்குப் பின்னால் லத்தீன் 'ஜிஞ்சிபெர்', 'சிங்கிபெர்'. அதற்கும் பின்னால் கிரேக்க 'சிங்கிபெரிஸ்'. அப்புறம் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியின் 'சிங்கிவேர'. நம் 'வேர்' இப்போது கண்ணில் படுகிறதா? ஆங்கிலச் சொல்லின் வாலில் இருக்கும் 'அர்' அந்த வேரின் மிச்சம்தான்.

சமஸ்கிருத வடிவம் 'சிருங்கவேர'. சிருங்கம் என்றால் கொம்பு. கிளைத்து நீட்டிக்கொண்டிருக்கும் இஞ்சிக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கேட்ட ஓசைக்குப் பிற்பாடு கற்பித்த பொருள்.

சரி, 'சிங்கி'யின் சகரம் தமிழில் எங்கே போயிற்று? சொல் முதல் சகரம் தமிழில் பல சொற்களில் உதிர்ந்திருக்கிறது. நம் எண்ணுப்பெயர் 'ஆறு', மத்திய இந்தியாவின் திராவிட மொழியான கோண்டியில் 'சாருங்'. ஆகவே, சகரம் உதிர்வதற்கு முன்பே இந்தச் சொல் வடக்கே போய்விட்டது. 'தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு' என்பதைவிட 'பழந்திராவிட வடிவத்திலிருந்து, நான்கைந்து கை மாறி' என்பதே சரி. முன்பாதியான 'இஞ்சி'க்குத் தென்கிழக்காசிய மொழிகளில் உறவு தேடுவோரும் உண்டு. செடி அந்தப் பக்கத்தது. 'வேர்' மட்டும் ஐயமின்றி நம்முடையது.

சரக்கு போன வழியும் பொருந்த வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, இஞ்சி ஒரு ராத்தல் 6 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்று விலை சொல்கிறார். விளைவது அரேபியாவில் என்றும் எழுதிவிட்டார்! சரக்கு கைமாறிய இடம் அவருக்கு விளைநிலமாகிவிட்டது.

அகராதியில் பக்கத்தில் இருப்பதெல்லாம் உறவு அல்ல. 'மெல்ல, பதமாக' என்று பொருள்படும் 'ஜிஞ்சர்லி'க்கும் இஞ்சிக்கும் தொடர்பில்லை. அது நயத்தைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. 'ஜிஞ்சர்பிரெட்'டில் இஞ்சி உண்டு, பிரெட் பின்னால் வந்தது: பதப்படுத்திய இஞ்சிக்கான பிரெஞ்சுச் சொல் 'ஜென்ஜம்ப்ரா', அதன் கடைசி அசை ஆங்கிலேயர் காதில் பிரெட் ஆயிற்று.

கேள்வி: அப்படியானால் 'எயிட்' நம் எட்டுதானே?

பதில்: இல்லை. லத்தீனில் ஒக்தோ, ஜெர்மனில் ஆஹ்ட், சமஸ்கிருதத்தில் அஷ்ட. இவையெல்லாம் சேர்ந்த இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்துச் சொல்லில் டகரத்துக்கு முன் ஒரு ககரம் இருந்தது. எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் நிற்கும் 'ஜி', 'ஹெச்' அதன் தடம். நம் எட்டுக்கு அடி 'எண்'. எண்பது, எண்ணூறு என்று சொல்லிப் பாருங்கள்; ணகரம் அப்படியே இருக்கிறது. கன்னடத்தில் இன்றும் 'எண்ட்டு'தான்.