ஞாயிறு முழுக்கத் தூங்கியும் அசதி போகவில்லையே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 31. ஒரகடம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சர்க்யூட் போர்டு லைனில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. நாலரை வருஷ சர்வீஸ். ஆர்டர் குறைந்துவிட்டது என்று இரண்டு வருஷமாக இன்க்ரிமென்ட் இல்லை. போனவர்கள் இடத்துக்கு ஆளும் எடுப்பதில்லை, இருவர் வேலையை ஒருவர் பார்க்கிறோம். சம்பளம் 17,500. அது போதாமல் வாரம் நாலு நாள் நாலு நாலு மணி நேரம் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்க்கிறேன். வாராவாரம் ஷிப்ட் மாறும். லைனுக்குள் நுழையும்போதே அழுகை வருகிறது, படபடக்கிறது. ரிஜெக்ட் ஆனால் ஆகட்டும் என்று தோன்றுகிறது. முன்பு பார்த்தவுடன் கண்ணில் படும் சால்டர் ஷார்ட்கூட (பற்றவைப்பு பக்கத்து இணைப்போடு ஒட்டிக்கொள்ளும் குறை) இப்போது தவறிவிடுகிறது. மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகம். மெடிக்கலில் வாங்கிய அல்ப்ரசோலம் மாத்திரை போட்டுத்தான் மூன்று மாதமாகத் தூங்குகிறேன். ஒரு நாளைக்கு ஆறு காபி ஆகிறது. சத்து ஊசி போட்டால் சரியாகுமா? இல்லை, வேலையை விட்டுவிடவா?

பதில்: சத்து ஊசி வேண்டாம். ராஜினாமா கடிதமும் இப்போதைக்கு வேண்டாம். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

லைனுக்குள் நுழையும்போதே தீர்ந்துபோகும் தெம்பு, 'ஆனால் ஆகட்டும்' என்ற விட்டேற்றித்தனம், கைவந்த வேலையிலேயே தவறுவது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதுதான் 'பர்ன் அவுட்'. உலக சுகாதார நிறுவனம் தன் 11-ஆவது நோய் வகைப்பாட்டில் இதை நோயாகச் சேர்க்கவில்லை. சரிசெய்யப்படாத வேலை நெருக்கடியால் வரும் நிலை என்றுதான் சொல்கிறது. எனவே உங்களிடம் பலவீனம் எதுவும் இல்லை, இதற்கு ஊசியும் இல்லை. ஆனால் உங்கள் அசதி முழுவதையும் கம்பெனி கணக்கில் எழுதிவிட நான் தயாரில்லை. அதிக உதிரப்போக்கு என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

முழு ரத்த அணுப் பரிசோதனை, இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பி12, வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஒரு இ.சி.ஜி. இவை போதும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது 12-க்கு மேலே இருந்து ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தாலும் உடம்பில் இரும்பு இருப்பு காலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பல லேப் ரிப்போர்ட்டில் 15-ஐயே 'நார்மல்' என்று அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அசதி, படபடப்பு, கவனச் சிதறல் மூன்றையும் இரும்புக் குறைவு மட்டுமே கொண்டுவந்துவிடும்.

குறைவு இருந்தால் 60 மில்லிகிராம் இரும்பு மாத்திரை ஒன்று, தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ, எலுமிச்சைத் தண்ணீரோடு. காபி, டீ, அசிடிட்டி மாத்திரை மூன்றும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கூடாது. மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்று வருபவர்களில் பலர் காபியோடு விழுங்கியவர்கள்தான். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். ஏழு நாளுக்கு மேல் போக்கு, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைவது, பெரிய கட்டிகள் என்று இருந்தால் மகளிர் மருத்துவரிடம் ஒரு ஸ்கேன்.

அடுத்தது அல்ப்ரசோலம். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மாத்திரை அது. இதைப் படித்த வேகத்தில் இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதம் தினமும் போட்டவர் சட்டென நிறுத்தினால் கைநடுக்கம், கடுமையான தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் சொல்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கோ அதற்கும் குறைவாகவோ குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

லீவில் ஊருக்குப் போனால் மூன்றாம் நாளாவது மனசு லேசாகிறதா? ஆகிறது என்றால் இது பெரும்பாலும் வேலைச் சோர்வு. அங்கேயும் எதிலும் நாட்டமில்லை, பசியில்லை, 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற நினைப்பு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருக்கிறது என்றால் மனச்சோர்வு நோயாக மாறியிருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, கேட்கும், ஆனால் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் 14416-ஐ அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

தூக்கத்துக்கு: கடைசி காபிக்கும் படுக்கைக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி. ஆறு காபியை ஒரே நாளில் நிறுத்தினால் தலை வெடிக்கும், இரண்டு நாளுக்கு ஒன்று குறையுங்கள். நைட் ஷிப்ட் முடிந்ததும் கொஞ்சமாகச் சாப்பிட்டு, போனை எடுக்காமல் படுங்கள். நீங்கள் ஹாஸ்டலில் இருப்பவர் என்றால், ஆறு பேர் அறையில் மூன்று ஷிப்ட் ஆட்கள் இருந்தால் யாருமே தூங்க முடியாது. ஒரே ஷிப்ட் ஆட்களை ஒரே அறையில் போடச் சொல்லி வார்டனிடம் கேளுங்கள், காசு செலவில்லாத வைத்தியம். ஷிப்ட் மாறுவதும் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் போனால் உடம்பு ஓரளவு பழகும். இரவிலிருந்து பின்னோக்கி மதியம், காலை என்று போவது கடினம்.

இப்போது ஓ.டி.க்கு வருவோம். வழக்கமான 48-உம் ஓ.டி. 16-உம் சேர்ந்து வாரம் 64 மணி நேரம் உழைக்கிறீர்கள். வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 அல்லது அதற்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணக்கிட்டன. ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டிப்பு ஊதியம். 17,500-ஐ 26 நாளால், பிறகு 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 84 ரூபாய், இரட்டித்தால் 168. நாலு மணி நேர ஓ.டி.க்கு ஒரு முழு நாள் சம்பளம், அதாவது 673 ரூபாய் வர வேண்டும். பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். பாதிதான் வருகிறது என்றால், இரண்டு நாள் ஓ.டி.யில் வர வேண்டிய காசுக்கு நாலு நாள் உடம்பைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது தொழிலாளர் துறையிடம் போக வேண்டிய விஷயம், தனியாகப் போகாமல் லைனில் நாலு பேராகப் போங்கள். மருத்துவராக என் அளவு: வாரம் இரண்டு ஓ.டி., நைட் ஷிப்ட் வாரத்தில் ஒன்றும் கூடாது.

ஆனால் முதலில் ஒரு இடைவெளி தேவை, அதற்கு உங்களிடம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறது. ஓ.டி. சேர்த்தால் 21,000-ஐத் தாண்டிவிடும், அதனால் இ.எஸ்.ஐ. போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. வரம்பைக் கணக்கிடும்போது ஓ.டி. சேராது. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி மருத்துவர் சான்று தந்தால் தினசரிச் சராசரி ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது. சந்தா அரையாண்டில் 78 நாளாவது கட்டியிருக்க வேண்டும். ஜனவரி முதல் ஜூன் வரை எடுக்கும் விடுப்புக்கு முந்தைய ஏப்ரல் - செப்டம்பர் கணக்கு. ஜூலை முதல் டிசம்பர் வரை என்றால் அதற்கு முந்தைய அக்டோபர் - மார்ச். இரண்டு, மூன்று வாரம் போதும். சான்றின் நகலை எச்.ஆரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் ஆபத்து. எட்டு, பத்து நாள் போனதும் 'தானாக விலகினார்' என்று எழுதிவிடும் வழக்கம் உண்டு.

லைனில் சிறிய விஷயங்கள்: பாத்ரூம் போக ரிலீவர் (மாற்று ஆள்) வராததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். போர்டு துடைக்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) வாடையில் தலை வலித்தால் எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று பாருங்கள்.

வேலையை விடுவது பற்றி. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றதைப் பார்த்த பகுதி இது, உங்கள் பயம் கற்பனை இல்லை. ஆனால் இன்னும் ஆறு மாதத்தில் உங்களுக்கு ஐந்து வருஷம் முடிகிறது. முடிந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு, இப்போதே எழுதிக் கொடுத்தால் அது போகலாம். கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால் வருஷத்துக்கு 15 நாள் ஊதியம் இழப்பீடு, ராஜினாமா செய்தவருக்கு அது கிடையாது. பி.எஃப். பாஸ்புக்கை இந்த வாரமே பாருங்கள். பிடித்த பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் ஏற வேண்டும், இரண்டு மாதமாக ஏறவில்லை என்றால் கம்பெனியின் நிலை அவர்கள் சொல்வதைவிட மோசம். அப்படியானால் விடுப்பு முடிவதற்குள் வேறு இடத்தில் விண்ணப்பம் போடத் தொடங்குங்கள். பணம் ஒழுங்காக ஏறுகிறது, ஒரு மாதத்தில் மாத்திரை இல்லாமல் தூக்கமும் வருகிறது என்றால், ஐந்து வருஷம் முடியும்வரை குறைந்த ஓ.டி.யோடு இருந்து பார்க்கலாம். விடுப்பு முடிந்து திரும்பி இரண்டே வாரத்தில் அழுகை மறுபடி வந்தால் காத்திருக்க வேண்டாம், பணிக்கொடையைவிட நீங்கள் முக்கியம்.