ஒரே தொட்டியில் ஆறு கோமாளி மீன்கள்: சண்டையை எப்படி நிறுத்துவது?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் வீட்டுப் பின்புறம் சிமென்ட் தொட்டிகளில் கப்பி, மோலி வளர்த்து விற்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் ஆசைப்பட்டு ஆறு ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் குஞ்சுகளை ஒரு பண்ணையில் வாங்கினேன். வரவேற்பறையில் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கடல்நீர்த் தொட்டியில் விட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆறும் ஒன்றாகத்தான் சுற்றின. இப்போது பெரியது ஒன்று மற்றவற்றைத் துரத்துகிறது. இரண்டு மீன்களுக்கு வால் கிழிந்துவிட்டது. ஹீட்டருக்குப் பின்னால் மேல் மூலையிலேயே நிற்கின்றன, தீவனத்துக்கும் வருவதில்லை. பெரிய மீனை எடுத்துவிடலாமா? கோமாளி மீன்கள் குடியிருக்கும் பூப்போன்ற கடல் உயிரி, கடல் சாமந்தி (sea anemone), வாங்கி வைத்தால் அமைதி வருமா? மறைவிடத்துக்குக் கடலில் இருந்து பவளக்கல் கொண்டுவந்து போடலாமா?

பதில்: பெரிய மீனை எடுக்காதீர்கள். மூலையில் நிற்கும் அந்த இரண்டையும் இன்று இரவே எடுத்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு விளக்குகிறேன், இதைத் தள்ளிப்போட வேண்டாம். தீவனத்துக்கு வராத கோமாளி மீன் நாளுக்கு நாள் இளைக்கும். கடல்நீரில் கிழிந்த துடுப்பு வழியாக நோய் ஏற அதிக நாள் ஆகாது.

பிடிப்பதற்கு வலை வேண்டாம். இந்த மீனின் செவுள் மூடியில் சின்னச் சின்ன முட்கள் உண்டு, அவை வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். கிழிந்த வாலும் இன்னும் கிழியும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பயந்த மீன்கள் அதே மூலையில் அசையாமல் நிற்கும். ஒரு பிளாஸ்டிக் மக்கைத் தண்ணீருக்குள் மெதுவாகச் சரித்து, மீனைத் தண்ணீரோடு சேர்த்து மொண்டுவிடலாம். அதே தொட்டித் தண்ணீரை நிரப்பிய இன்னொரு சிறு தொட்டியில் விடுங்கள். 60 லிட்டர் போதும். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் இருந்து ஒரு ஃபில்டர் பஞ்சையும் எடுத்து அதில் வையுங்கள். புது ஃபில்டர் என்றால் அம்மோனியா ஏறிவிடும்.

கிழிந்த வாலுக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லாத சுத்தமான தண்ணீரும் பசியாறத் தீவனமும் இருந்தால் துடுப்பு தானாக வளர்ந்துவிடும். ஆனால் உடம்பில் வெள்ளையாகக் கோழை படர்ந்து, மேலே வந்து வேகமாக மூச்சு வாங்கினால் அது காயம் இல்லை. புரூக்கிளினெல்லா என்ற ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். கோமாளி மீன்களை அடிக்கடி பிடிப்பது அதுதான், சில நாட்களிலேயே கொன்றுவிடும். அப்படிக் கண்டால் காத்திருக்காமல் உங்கள் ஊர் மீன்வளக் கல்லூரிக்கு மீனைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சரி, ஒரு வருடம் ஒற்றுமையாக இருந்தவை ஏன் இப்படி ஆயின? உங்கள் மீன்களுக்கு வயது வந்துவிட்டது. கோமாளி மீன் குஞ்சுகளில் ஆண், பெண் என்று பிரிவு இல்லை. கூட்டத்தில் யார் பெரியதோ அது பெண்ணாகும், அடுத்தது ஆணாகும். மற்றவை எத்தனை வருடம் ஆனாலும் வளராத குஞ்சு நிலையிலேயே காத்திருக்கும். பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறும், காத்திருந்தவற்றில் பெரியது ஆணாகும். பெண்ணான மீன் மறுபடி ஆணாகாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கோமாளி மீன் சண்டையில் பாதி விஷயம் விளங்கிவிடும்.

கடலிலும் இவை கூட்டமாகத்தான் வாழ்கின்றன. பப்புவா நியூ கினியில் பெர்குலா கோமாளி மீன்களைக் கவனித்த பீட்டர் பஸ்டன் என்ற ஆய்வாளர் 2003இல் ஒரு முக்கியமான விஷயத்தை வெளியிட்டார். ஒரு சாமந்தியில் ஒரு ஜோடியும், அதன்கீழ் நான்கு குட்டி மீன்கள் வரையும் இருக்கும். ஒவ்வொன்றும் தனக்கு மேலே உள்ளதைவிடத் தெளிவாகச் சின்னதாக இருக்கும். கீழே உள்ளது தன் வளர்ச்சியையே அடக்கிக்கொள்ளும். மேலே உள்ளதை எட்டும் அளவு வளர்ந்துவிட்டால் அதைத் துரத்திவிடுவார்கள் என்பதால்தான் அந்த அடக்கம். ஆக, இவற்றின் சமாதானம் நட்பில் இல்லை, யார் பெரியது யார் சின்னது என்ற வரிசையில் இருக்கிறது. வரிசை தெளிவாக இருக்கும்வரை சண்டை இல்லை.

நம் தொட்டியில் என்ன நடக்கிறது? ஒரே வயதுக் குஞ்சுகளை விடுகிறோம், தாராளமாகத் தீவனம் போடுகிறோம், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளர்கின்றன. பெரியது பெண்ணாகி, ஒன்றைத் துணையாக எடுத்துக்கொண்டதும், தன் அளவுக்கு நெருங்கிய மற்றவை அதன் கண்ணுக்குப் போட்டியாகத் தெரிகின்றன. கடலில் துரத்தப்பட்ட மீன் அந்த இடத்தை விட்டே போய்விடும். 3 அடிக் கண்ணாடிக்குள் எங்கே போகும்? அதனால்தான் ஹீட்டர் மூலை.

துரத்தல் எல்லாமே ஆபத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொட்டி முன் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். பெரியது பாய்ந்து வரும்போது சின்னது பக்கவாட்டில் சாய்ந்து, தலை முதல் வால் வரை வெடவெடவென்று நடுங்கிக் காட்டும். வலிப்பு வந்ததோ என்று புதிதாக வளர்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். அது ‘நீதான் பெரியவள்’ என்று ஒப்புக்கொள்ளும் அடையாளம். அதைப் பார்த்ததும் பெரியது திரும்பிப் போய்விட்டால் வரிசை ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் தலையிட வேண்டாம். நடுங்கிக் காட்டிய பிறகும் விடாமல் துரத்தினாலோ, இரண்டு மீன்கள் வாயோடு வாய் கவ்விக்கொண்டாலோ, ஒரு மீன் தீவனத்துக்கு வராமல் நின்றாலோ ஒன்றை வெளியே எடுத்தே ஆக வேண்டும். மீதி நான்கையும் இந்தக் கண்ணோடு தினமும் பாருங்கள். என் அனுபவக் கணிப்பு, உங்கள் தொட்டியில் கடைசியில் ஒரு ஜோடிதான் நிலைக்கும். அதை இப்போதே ஏற்றுக்கொண்டு மற்றவற்றுக்கு இடம் ஏற்பாடு செய்வதுதான் மீனுக்கும் உங்களுக்கும் நல்லது.

பெரியதை எடுக்கக் கூடாது என்று ஏன் சொன்னேன்? அது போனதும் இரண்டாவது மீன் சில வாரங்களிலேயே தலைமைக்கு வந்து, சில மாதங்களில் பெண்ணாகிவிடும். சண்டை அப்படியே இருக்கும், ஆள்தான் மாறியிருக்கும். பழையதைத் திரும்ப விட்டால் ஒரே தொட்டியில் இரண்டு பெண்கள். அந்தச் சண்டை ஒன்று சாகும்வரை போகலாம். இதே காரணத்தால், எடுத்த இரண்டையும் வால் ஆறிய பிறகு பழைய தொட்டியில் விடாதீர்கள். ஒன்றாக வளர்ந்தவைதானே என்று தோன்றும். பிரிந்து போய் வந்த மீனைப் பெண் அந்நியமாகத்தான் பார்க்கும். புதிதாகக் கடையில் வாங்கி இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதும் கூடாது.

மீதி நான்கு இருக்கும்வரை சில மாற்றங்கள் செய்யலாம். தீவனத்தை ஒரே இடத்தில் கொட்டாமல் தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு இரண்டு மூன்று தடவை போடுங்கள். பெண் ஒரு முனையில் தின்னும்போது மற்றவை மறுமுனையில் தின்னட்டும். கல் அடுக்கையும் ஒரே குவியலாக வைக்காமல் இரண்டாகப் பிரித்து, நடுவில் பார்வை மறையும்படி வையுங்கள். ஒரு முனையில் நிற்கும் மீன் மறுமுனை மீனைப் பார்க்க முடியாவிட்டாலே பாதித் துரத்தல் குறையும். வெப்பம் 25 முதல் 28 டிகிரி, உப்பு ஆயிரத்துக்கு 32 முதல் 35 இருக்கட்டும். கோடையில் தொட்டி 30ஐத் தாண்டும்போது தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும், குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், கடல்நீரை அல்ல.

கடல் சாமந்தி வாங்க வேண்டாம். பண்ணையில் பிறந்த கோமாளி மீனுக்கு அது இல்லாமலே வாழத் தெரியும். அது வந்தால் சமாதானம் வராது, காவல் காக்க ஓர் இடம் கிடைத்துப் பெண்ணின் ஆவேசம் கூடவும் செய்யும். சாமந்தியை வாழவைக்க வலுவான விளக்கும், ஆறு மாதத்துக்கு மேல் நிலைத்து ஓடிய தண்ணீரும் வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் அது நகர்ந்து போய், தண்ணீரைச் சுழற்றும் பம்பான பவர் ஹெட்டில் சிக்கிச் செத்து, ஒரே இரவில் தண்ணீரையே கெடுத்துவிடும். அதற்குப் பதில் ஒரு சின்ன மண்சட்டியைப் படுக்கவைத்துப் பாருங்கள், மீன்கள் தாமாக வந்து குடியேறும்.

பவளக்கல் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், தொடாதீர்கள். உயிருள்ளதோ செத்ததோ, பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததால் அங்குள்ள பவளத்திட்டுகள் பட்ட பாட்டை உங்கள் ஊர் பெரியவர்கள் சொல்வார்கள். பீங்கான் கல்லும் மண்சட்டியும் உங்கள் மீனுக்கு எந்தக் குறையும் வைக்காது.

உண்மையிலேயே கூட்டமாக வளர்க்க வேண்டும் என்றால், 4 அடிக்கு 2 அடிக்கு 2 அடி, அதாவது சுமார் 450 லிட்டர் தொட்டி வைத்து, ஒரே ஈட்டில் பிறந்த பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை ஒரே நாளில் விட வேண்டும். எண்ணிக்கை கூடினால் அடி ஒரே மீன்மேல் விழாமல் பரவும். அப்போதும் பெரியதானதும் பிரிக்க வேண்டி வரலாம், ஆகவே ஒரு காலித் தொட்டி எப்போதும் கையில் இருக்க வேண்டும். இனங்களைக் கலக்கவே கூடாது. நம் கடலில் கிடைக்கும் செபே, கிளார்க்கி போன்றவை ஒசெல்லாரிஸைவிட முரட்டு இனங்கள். மெரூன் கோமாளி அவற்றையும் மிஞ்சும், ஜோடியைத் தவிர வேறு எதையும் பக்கத்தில் விடாது.

நீங்கள் மீன் விற்பவர் என்பதால் இன்னொன்றையும் யோசியுங்கள். ஆறு மீன் ஒரு தொட்டியில் சண்டை போடுகிறது என்பதை மூன்று ஜோடிக்கான தாய்மீன்கள் கையில் இருக்கின்றன என்றும் பார்க்கலாம். எடுத்த இரண்டில் ஒன்று கொஞ்சம் பெரியதாக இருந்தால் அதுவே ஜோடியாகிவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் முதல் ஒரு வாரம் சின்னதைத் துளையிட்ட பிளாஸ்டிக் கூடையில் மிதக்கவிட்டு, பெரியதற்குப் பழகிய பிறகு வெளியே விடுங்கள். நடுங்கிக் காட்டி, இரண்டும் ஒரே சட்டியில் இரவு தூங்கினால் ஜோடி சேர்ந்துவிட்டது. ஒரு ஜோடிக்கு 2 அடிக்கு 1 அடிக்கு ஒன்றரை அடித் தொட்டி போதும்.

ஜோடி பழகியபின், சட்டியின் உட்புறத்தை ஆண் வாயால் தேய்த்துச் சுத்தம் செய்வதைப் பார்த்தால் முட்டை வரப்போகிறது. ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகளில் சில நாட்களில் வெள்ளிக் கண்கள் தெரியும். 28 டிகிரியில் ஏழு எட்டு நாளில், இருட்டிய பிறகு பொரிக்கும். அந்த நாட்களில் தொட்டிக்குள் கைவிட்டால் கடிப்பார்கள், அது இயல்பு. குஞ்சின் வாய்க்கு முதல் நாட்களில் ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்தான் அடங்கும், அதைவிடப் பெரிய ஆர்ட்டீமியா என்ற சிறு இறால் வகைக் குஞ்சு பிறகுதான். முட்டையைப் பார்த்த பிறகு ரோட்டிஃபர் தேடினால் குஞ்சு பட்டினியில் போய்விடும். ஜோடி சேர்ந்த மாதமே பச்சைப் பாசியும் ரோட்டிஃபரும் வளர்க்கத் தொடங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியில் நீண்ட அனுபவம் உள்ள இடம். பயிற்சி பற்றியும் விதை ரோட்டிஃபர் பற்றியும் அங்கே கேளுங்கள்.