ரோந்து கார் வரவில்லை, கட்டணம் மட்டும் ஏறுகிறது: ஷெரிஃப் செலவை யாரிடம் கேட்பது?

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு சிறு நகரத்தில் வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். எங்கள் ஊருக்குச் சொந்தமாகக் காவல் துறை கிடையாது. கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அளவில் காவல் பணி செய்யும் ஷெரிஃப் துறையோடு நகராட்சி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. நான்கு ஆண்டுகளாக ஒப்பந்தத் தொகை ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் இரவில் ரோந்து கார் கண்ணில் படுவதே இல்லை. போன மாதம் எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். அழைத்து ஐம்பது நிமிடம் கழித்துத்தான் டெபுடி (ஷெரிஃப் துறைக் காவலர்) வந்தார். நகரமன்றத்தில் கேட்டால் கவுண்டியைக் கைகாட்டுகிறார்கள். கவுண்டி மேற்பார்வையாளர் அலுவலகமோ, "ஷெரிஃப் மக்கள் தேர்ந்தெடுத்தவர், நாங்கள் ஒன்றும் சொல்ல முடியாது" என்கிறது. நான் கிரீன் கார்டில் இருக்கிறேன், ஓட்டு கிடையாது. கேட்க எனக்கு உரிமை உண்டா? நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: நஷ்ட ஈட்டு வழக்கை முதலில் ஒதுக்கிவிடுங்கள். போதுமான காவல் பாதுகாப்பு தரவில்லை என்பதற்காக அரசு அமைப்போ அதன் ஊழியரோ பொறுப்பாக மாட்டார்கள் என்று கலிபோர்னியா அரசுச் சட்டத் தொகுப்பின் 845-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. எத்தனை டெபுடிகள், எத்தனை கார்கள் என்பது பட்ஜெட் முடிவு, அதை ஜூரியின் முன் விசாரிக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பிரிவின் நோக்கம். ஐம்பது நிமிடத் தாமதம் உங்களுக்கு எவ்வளவு ஆத்திரமாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. வக்கீலுக்குக் கட்டும் பணம்தான் வீணாகும்.

"நாங்கள் ஒன்றும் சொல்ல முடியாது" என்று கவுண்டி சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியைப் புரிந்துகொண்டால் மீதிப் பாதியில் எங்கே பிடிப்பது என்பது தெரியும். ஷெரிஃப் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்பது மாநில அரசியலமைப்பின் 11-ஆவது பகுதியிலேயே இருக்கிறது. யாரைப் பிடிப்பது, எந்த வழக்கை விசாரிப்பது, எந்தத் தெருவுக்குக் கார் அனுப்புவது ஆகியவற்றில் கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழு தலையிட முடியாது. ஆனால் அதே அரசுச் சட்டத் தொகுப்பின் 25303-ஆம் பிரிவை முழுவதும் படித்துப் பாருங்கள். கவுண்டி அதிகாரிகள் எல்லாருடைய நடத்தையையும், குறிப்பாகப் பொதுப்பணத்தை வசூலிப்பது, காப்பது, செலவிடுவது ஆகியவற்றை, அந்தக் குழு மேற்பார்வை செய்தாக வேண்டும் என்கிறது அது. விசாரணைப் பணியைத் தடுக்கக் கூடாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, ஷெரிஃப் மீதான குழுவின் பட்ஜெட் அதிகாரத்தை இது குறைக்காது என்று அடுத்த வரியிலேயே சொல்கிறது. எத்தனை பணியிடங்கள், என்ன சம்பளம் என்பதை நிர்ணயிப்பதும் 25300-ஆம் பிரிவின்படி குழுவின் வேலை.

சுருக்கமாகச் சொன்னால், டெபுடியை எங்கே நிறுத்துவது என்பது ஷெரிஃப் கையில், டெபுடிக்கான பணம் குழுவின் கையில். "ஏன் எங்கள் தெருவுக்கு வரவில்லை?" என்று கேட்டால் கதவை மூடிவிடுவார்கள். "நிரப்பாத பணியிடங்களுக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது?" என்று கேட்டால் அது குழு மேற்பார்வை செய்தாக வேண்டிய விஷயம். குழுவுக்கும் எல்லை உண்டு. 1977-இல் ஹிக்ஸ் வழக்கில், மாவட்ட அரசு வழக்கறிஞரின் புலனாய்வாளர்களை ஷெரிஃப் துறைக்கு மாற்ற ஆரஞ்சு கவுண்டி குழு முயன்றபோது மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரியின் வேலையையே பிடுங்கி வேறொருவரிடம் கொடுக்க முடியாது.

இனி உங்கள் ஊர் ஒப்பந்தத்துக்கு வருவோம். உங்கள் கைக்கு நிஜமாக ஏதாவது கிடைக்குமென்றால் இங்கேதான் கிடைக்கும். நகரம் காவலை கவுண்டியிடம் வாங்கிக்கொள்ளும் முறை 1954-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் லேக்வுட் நகரத்தில் தொடங்கியது. இன்றும் அங்கே காவல் சேவை அலகுக் கணக்கில் விற்கப்படுகிறது: வாரத்துக்கு 40 மணி நேரம் ஒரு அலகு, 56 மணி நேரம் இன்னொரு அலகு. 56 என்றால் தினமும் எட்டு மணி நேரம், வாரம் ஏழு நாளும். உங்கள் நகரம் என்ன வாங்கியிருக்கிறது என்று பாருங்கள். "24 மணி நேரமும் ஒரு கார்" என்று நகரமன்றத்தில் பேசுவது எளிது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒரு டெபுடிக்குக் காகிதத்தில் 2,080 மணி நேரம், விடுப்பு, பயிற்சி, நீதிமன்றச் சாட்சியம் எல்லாம் போக 1,800 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு காரில் ஒரே ஒருவரை நாள் முழுக்க நிறுத்த ஏறக்குறைய ஐந்து பேர் வேண்டும். ஒப்பந்தத்தில் எட்டு ரோந்து டெபுடிகள் என்றிருந்தால் சராசரியாக எந்த நேரத்திலும் உங்கள் ஊரில் இருப்பது ஒன்றரைக் கார்தான். பகலில் இரண்டு, இரவில் ஒன்று என்று பிரித்திருப்பார்கள். அந்த ஒன்றும் பக்கத்து ஊர் அவசர அழைப்புக்குப் போயிருந்தால் உங்கள் தெரு இருட்டுத்தான். இதில் யாரும் ஏமாற்றவில்லை, வாங்கியதே அவ்வளவுதான் என்று தெரியவரலாம். அப்படியானால் நீங்கள் பேச வேண்டிய இடம் நகரமன்றம், ஷெரிஃப் அல்ல.

எட்டுப் பேருக்குப் பணம் கொடுத்து ஆறு பேர் மட்டும் வேலை பார்க்கிறார்கள் என்றால் கதை வேறு. சில ஒப்பந்தங்களில் உண்மையில் பணியாற்றிய மணி நேரத்துக்குத்தான் கட்டணம். சிலவற்றில் பணியிடத்துக்குக் கட்டணம், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். காலியிடத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா, குறைந்தபட்ச சேவை அளவு எழுதியிருக்கிறதா, கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை நகரத்துக்கு இருக்கிறதா, விலகுவதற்கு எத்தனை மாத முன்னறிவிப்பு என்ற நான்கு பத்திகளை முதலில் தேடிப் படியுங்கள். தணிக்கை உரிமை இருந்தும் நகரம் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் இருப்பது சாதாரணமாக நடக்கிறது.

கட்டணம் ஏன் ஏறுகிறது என்பதற்கு 51350-ஆம் பிரிவு முக்கியம். ஒப்பந்த நகரத்திடம் அந்தச் சேவைக்கான செலவு முழுவதையும் கவுண்டி வசூலிக்க வேண்டும். ஆனால் ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவுண்டிக்கு ஆகிற பொது நிர்வாகச் செலவையும், கவுண்டி முழுமைக்கும் கிடைக்கும் சேவைகளின் செலவையும் நகரத்தின் தலையில் கட்டக் கூடாது. எவை "கவுண்டி முழுமைக்கும் கிடைக்கும் சேவைகள்" என்பதை மேற்பார்வையாளர் குழு தீர்மானமாக நிறைவேற்றியிருக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தையும் ஒரு டெபுடியின் ஆண்டுக் கட்டணம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பளமும் ஓய்வூதியப் பங்களிப்பும் ஏறியதால் வந்த உயர்வு நியாயமானது. மறைமுகச் செலவு (நிர்வாகம் போன்றவற்றுக்காகக் கட்டணத்தில் சேர்க்கும் பங்கு) விழுக்காடு விளக்கமில்லாமல் ஓராண்டில் தாவியிருந்தால் அங்கே கேள்வி கேளுங்கள். வழக்குகளில் கொடுக்கும் இழப்பீட்டுக்காகத் தனி விழுக்காடு சேர்க்கும் கவுண்டிகளும் உண்டு, அதையும் பிரித்துப் பாருங்கள்.

இந்தத் தாள்களை வாங்குவதற்குக் குடியுரிமை தேவையில்லை. பொது ஆவணச் சட்டம் (2023 முதல் 7920.000-ஆம் பிரிவில் தொடங்குகிறது, பழைய 6250 எண்ணை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்) எந்த நபருக்கும் உரிமை தருகிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. பத்து நாளுக்குள் தருவார்களா மாட்டார்களா என்று பதில் வர வேண்டும். சிறப்புக் காரணம் இருந்தால் இன்னும் 14 நாள் நீட்டலாம். பத்து நாளில் ஆவணமே கைக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம், அது பதிலுக்கான கெடு. நகலெடுக்கும் நேரடிச் செலவு மட்டும் கேட்கலாம், தேடிய நேரத்துக்குக் கூலி பொதுவாகக் கேட்க முடியாது.

பலருடைய மனு தோற்பது கேள்வியாக எழுதுவதால்தான். "ஏன் இவ்வளவு ஓவர்டைம்?" என்பதற்குப் பதில் தர அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது. இருக்கிற ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஒப்பந்தமும் அதன் திருத்தங்களும், கடந்த 24 மாத இன்வாய்ஸ்கள், கட்டணக் கணக்குத் தாள், நிரப்பிய மற்றும் காலியான பணியிடப் பட்டியல், ஓவர்டைம் செலவு மாதவாரியாக, ஒதுக்கீட்டையும் செலவையும் ஒப்பிடும் அறிக்கை, உங்கள் ஊருக்கான அழைப்புகளின் நேரப் பதிவு. கடைசியாகச் சொன்னதற்கு 7923.615-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். விசாரணை கெடும் அல்லது யாருக்காவது ஆபத்து என்ற நிலையில் மறைக்கலாமே தவிர, உதவி கேட்டு வந்த அழைப்புகளின் நேரமும் இடமும் தன்மையும் தர வேண்டியவைதான். மனுவை ஷெரிஃபுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். இன்வாய்ஸ் நகர எழுத்தரிடம் இருக்கும், செலவுக் கணக்கு கவுண்டி ஆடிட்டரிடம் இருக்கும். மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் அனுப்பினால் எண்கள் பொருந்துகின்றனவா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

நேரம் பார்த்துப் பேசுவதும் அவசியம். கவுண்டியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. பரிந்துரைக்கப்பட்ட பட்ஜெட்டுக்கு ஜூன் 30-க்குள் ஒப்புதல் தர வேண்டும், இறுதி பட்ஜெட் அக்டோபர் 2-க்குள். நடுவில் பொது விசாரணை கட்டாயம். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஆண்டின் நடுவே வரும் திருத்தம். ஒதுக்கிய பணத்தைத் தாண்டி ஏற்கும் கடன் கவுண்டியுடையது அல்ல, அனுமதித்த அதிகாரியின் தனிப்பட்ட பொறுப்பு என்கிறது 29121-ஆம் பிரிவு. ஆகவே ஓவர்டைம் எகிறும்போது துறை குழுவிடம் கூடுதல் ஒதுக்கீடு கேட்டு வந்தாக வேண்டும். எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து எடுக்க ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும். ஐந்து பேர் குழுவில் இருவர் மறுத்தால் பணம் நகராது. அந்த இருவரின் மேசையில் உங்கள் கணக்குத் தாள் இருப்பதுதான் பலம். இந்தத் திருத்தங்கள் பெரும்பாலும் விவாதமின்றி மொத்தமாக நிறைவேற்றும் பட்டியலில் செருகப்பட்டிருக்கும். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரல் வெளியாக வேண்டும். அதைப் பார்த்து, அந்த உருப்படியைத் தனியே எடுத்துப் பேசும்படி கேளுங்கள். பேசுவதற்கு ஓட்டுரிமை வேண்டாம். கூட்டத்துக்குள் நுழையப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடவும் கூடாது.

எண்கள் பொருந்தவில்லை என்றால் சிவில் கிராண்ட் ஜூரிக்கு (உள்ளூர் அரசு அமைப்புகளை ஆராயும் குடிமக்கள் குழு) எழுதுங்கள். கிரீன் கார்டில் இருப்பவர் அதில் உறுப்பினராக முடியாது, புகார் தரலாம், அது ரகசியமாக வைக்கப்படும். அறிக்கை வெளியானால் ஷெரிஃப் 60 நாளிலும் மேற்பார்வையாளர் குழு 90 நாளிலும் எழுத்தில் பதில் தர வேண்டும். பெரும்பாலான கவுண்டிகளில் ஜூரியின் ஆண்டு ஜூன் மாதத்தோடு முடிவதால் ஏப்ரலில் அனுப்பும் புகார் தூங்கிவிடும். ஜூலை, ஆகஸ்டில் அனுப்புங்கள். இது வெறும் காகித அமைப்பு என்று நினைக்க வேண்டாம். சான்டா கிளாரா கவுண்டியில் ஷெரிஃப் லாரி ஸ்மித் மீது 2021 டிசம்பரில் கிராண்ட் ஜூரி முறைகேட்டுக் குற்றச்சாட்டு கொண்டுவந்தது. அவர் பதவி விலகிய சில நாளில், 2022 நவம்பரில், நீதிமன்றத்தில் ஜூரி அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

உங்கள் கவுண்டியில் ஷெரிஃப் மேற்பார்வை வாரியமோ தலைமை ஆய்வாளரோ இருக்கிறார்களா என்றும் பாருங்கள். 2021 முதல் நடப்பில் உள்ள 25303.7-ஆம் பிரிவு இவற்றை அமைக்கவும், ஆவணங்களையும் சாட்சிகளையும் வரவழைக்கும் அழைப்பாணை அனுப்பவும் இடம் தருகிறது. அமைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழுவே அமைக்கலாம், மக்கள் வாக்கெடுப்பிலும் அமைக்கலாம்.

வழக்கு கடைசி வழி. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 526ஏ பிரிவு, உள்ளூரில் வசித்து வரி கட்டும் எவருக்கும், பொதுப்பணம் சட்டவிரோதமாகவோ வீணாகவோ செலவாவதைத் தடுக்க வழக்குப் போடும் உரிமை தருகிறது. அந்த உள்ளூர் அமைப்புக்கு நிதி தரும் வரி என்றால் விற்பனை வரி, சொத்து வரி, வருமான வரி எதுவும் போதும், குடியுரிமை கேட்கவில்லை. ஆனால் "இதைவிட நன்றாகச் செலவழித்திருக்கலாம்" என்பது வீண்செலவு ஆகாது. 51350-ஐ மீறி வசூலித்தார்கள், ஒதுக்கீடு இல்லாமல் செலவிட்டார்கள் என்று தாளைக் காட்ட முடிந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். ஆவணம் தர மறுத்ததற்கான வழக்கு வேறு. அதில் நீங்கள் வென்றால் உங்கள் வக்கீல் செலவை அரசு அமைப்பு கொடுக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். முதலில், நகர எழுத்தருக்கு ஒப்பந்தத்தையும் 24 மாத இன்வாய்ஸையும் கேட்டு ஒரு மின்னஞ்சல். அடுத்து, உங்கள் வீட்டுச் சம்பவத்தின் எண்ணையும், அழைத்த நேரத்தையும், டெபுடி வந்த நேரத்தையும் குறித்து, அப்போது உங்கள் ஊருக்கு ஒதுக்கப்பட்டிருந்த கார்களின் பதிவை ஷெரிஃப் துறையிடம் தனி மின்னஞ்சலில் கேளுங்கள்.